சேற்றில் விளையாடப் பயிற்சி

என் தங்கை கனாயே என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். குழந்தைகளுக்கு விளையாடச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆமாம், அதற்கும் ஒரு வகுப்பு, அதற்கும் ஒரு டீச்சர். டோக்கியோவில் பேர்பெற்ற பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால், முன்பின் பார்க்காத நாலைந்து பிள்ளைகளை ஓர் அறையில் விட்டு, "உங்க இஷ்டம்போல விளையாடுங்க" என்பார்கள். பெரியவர்கள் சுவரோரம் நின்று மதிப்பெண் போடுவார்கள். நிஜமாகவே தன் இஷ்டம்போல விளையாடுகிற பிள்ளை அன்றைக்கே வெளியே. பொம்மையைப் பிடுங்கக் கூடாது, ஒதுங்கி நிற்கக் கூடாது, அழக் கூடாது, முடிந்ததும் சொல்லாமலே எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும், அதுவும் சந்தோஷமாக. இந்தச் சந்தோஷத்தைப் பழக்குகிறவள்தான் என் தங்கை.

எனக்குக் கவாசாகியில் ஒரு சலவைக் கடை. தேர்வுக் காலம் வந்துவிட்டால் அம்மாக்களின் கருநீல உடுப்பாகவே வந்து குவியும். அத்தனையும் ஒரே நீலம், ஒரே வெட்டு. எந்த அம்மாவுடையது எது என்று சீட்டு இல்லாமல் சொல்ல முடியாது. "ஃபுமியே சான், நாளைக்கு நேர்முகம், ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது" என்று கெஞ்சுவார்கள். அவர்களில் பாதிப் பேர் என் தங்கையிடம் பிள்ளையை விட்டவர்கள். அக்கா நான்தான் என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு முறை குனிந்து வணங்குவார்கள். எனக்கு வாயில் வரும், அடக்கிக்கொள்வேன்.

கனாயே சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று இவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற இடத்தில் பள்ளம் தோண்டி, உள்ளே இறங்கி, தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் வர மாட்டாள். ஒரு காலில் செருப்பு இருக்கும், ஒரு காலில் இருக்காது. அம்மா வாசலிலேயே நிறுத்தி, குழாயைத் திறந்து அடித்த பிறகுதான் உள்ளே விடுவாள். அவள் என்ன விளையாடினாள் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. யாருக்கும் காட்டுவதற்காக அவள் விளையாடியதில்லை.

அப்படிப்பட்டவள் மழலையர் ஆசிரியைப் படிப்பு முடித்து, ஒரு பள்ளியில் இருந்தபோது, தோகிவா டீச்சர் கண்ணில் பட்டுவிட்டாள். பயிற்சி வகுப்பின் முதலாளி அம்மாள் அவர்தான். பிள்ளைகள் கனாயே முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கையோடு அழைத்துப் போய்விட்டார். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கனாயே வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். மோவாயைக் கொஞ்சம் கீழே அசைத்தால் சரி, அசைக்கவில்லை என்றால் தப்பு. பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகிவிடுவார்கள். தேர்வு அறைக்குள் அவள் போக முடியாதே, அதற்கும் வழி வைத்திருந்தாள்.

"அங்க நான் இருக்க மாட்டேன். ஆனா சுவத்தைப் பாரு. அங்க நான் நிக்கிறேன்னு நினைச்சுக்கோ. தலைய ஆட்டுறேன்னு நினைச்சுக்கோ" என்பாள்.

பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். வரிசையாகத் தேறினார்கள். தோகிவா டீச்சர் விளம்பரத் தாளில் கனாயே படத்தைப் பெரிதாகப் போட்டார்.

ஒவ்வொரு நவம்பரிலும் தேர்வுகள் முடிந்ததும் என் கடைக்கு வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அக்கா, இந்த வருஷத்தோட விட்டுடப் போறேன்" என்பாள். விட மாட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். "இவனை மட்டும் கரையேத்தி விட்டுடுங்க டீச்சர்" என்று ஓர் அம்மா வந்து அழுவாள். அந்தப் பையனுக்குத் தம்பி இருப்பான், தம்பிக்குப் பிறகு சித்தி பெண் இருப்பாள். இப்படியே என் தங்கைக்கு முடி நரைக்க ஆரம்பித்தது.

அவள் புருஷன் கெய்ஜி நல்லவன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு இவளைக் கூட்டி வந்திருப்பேன். அவன் அப்பா, அண்ணன், அவன் என்று எல்லோரும் ஒரே பெரிய பள்ளியில் படித்தவர்கள். தன் மகள் நெனேவும் அங்கேதான் போவாள் என்பது அவனுக்குக் காலையில் சூரியன் வருவது மாதிரி. கத்தவும் மாட்டான், வற்புறுத்தவும் மாட்டான். "வேற எங்க போவா?" என்று சிரிப்பான், அவ்வளவுதான்.

நெனே பிறந்த பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கனாயே அவளை வகுப்புக்கே தூக்கிப் போனாள். பின்னால் ஒரு மெத்தையில் போட்டுவிட்டு முன்னால் பாடம் நடத்துவாள். பிள்ளை தவழ்ந்ததும் அங்கே, நடந்ததும் அங்கே. சமத்தாக இருக்கிறாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அவளுக்கு நாலு வயதான கோடையில் ஒருநாள் என் கடையில் விட்டுவிட்டுப் போனாள் கனாயே. உடுப்பு வாங்க வந்த ஒருத்தியின் மகன் தரையில் ரயில் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தான். நெனே அவன் பக்கத்தில் போய் நின்று, விளையாட்டில் சேர எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிற மாதிரியே, "என்னையும் சேத்துக்கோ..." என்று இழுத்துப் பாடினாள். அவன் சரி என்றான். "முதல்ல நீ, அப்புறம் நான்" என்றாள். தன் முறை வந்ததும் ஒருதரம் உருட்டிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்மணிக்கு வாயெல்லாம் பல். "என்ன அருமையான வளர்ப்பு!" என்றாள். நெனே ரயிலைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, என் கடைச் சுவரைப் பார்த்தாள்.

"அங்க என்னடி பாக்குற?" என்றேன்.

"அம்மாவ."

"அம்மா வேலைக்குப் போயிருக்காளேடி."

"இருக்காங்க பெரியம்மா. தலைய ஆட்டுறாங்க."

சாயங்காலம் கனாயே வந்ததும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "வீட்லயும் அப்படித்தான். குளியல் தொட்டியில வாத்து பொம்மையை வச்சுக்கிட்டு வாத்துக்கிட்டயே 'முதல்ல நீ'ங்கறா. நான் ஊரான் பிள்ளை எல்லாம் விளையாடுறதைப் பாத்திருக்கேன். என் பிள்ளை விளையாடி நான் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். நான் துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் ஒரு மழலையர் பள்ளியைக் கண்டுபிடித்தாள், சேற்றுப் பள்ளி என்று நாங்கள் வைத்த பெயர். யோகோஹாமாவுக்குப் பின்னால் ஒரு குன்று, அதன் மேல் ஒரு பழைய தோட்ட வீடு. பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில்தான். என்ன செய்வது, எதைத் தொடுவது, எப்போது சாப்பிடுவது, எல்லாம் அவர்கள் முடிவு. மரத்தை அறுப்பார்கள், அடுப்பு மூட்டுவார்கள், பள்ளம் தோண்டுவார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், சொல்லித்தர மாட்டார்கள். ஒரு குடும்பம் ஒசாகாவுக்கு மாறிப் போகிறதாம், அதனால் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும்போது ஒரே ஓர் இடம் காலி.

கெய்ஜி அதைக் கேட்டுச் சிரித்தான், கோபப்படவில்லை. "சேர்த்துக்கிட்டா போகட்டும். சேர்த்துக்கலன்னா ஏப்ரல்லேருந்து உன் வகுப்புல உக்காரட்டும், நீயே பழக்கு. உன்னை விட்டா ஆள் ஏது?" என்றான். நியாயமான பேச்சு. இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் கனாயேவுக்கு அது கழுத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. அந்த ஓர் இடம் கிடைக்காவிட்டால் தன் பெண்ணை மெத்தையிலிருந்து எழுப்பி, முன்னால் உட்கார வைத்து, தன் கையாலேயே முடித்துவிட வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமா ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனேன். தண்ணீர் ஓரத்தில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். கிட்டே போனால் என் தங்கையும் நெனேவும். நெனே மழைக் கால்சட்டை போட்டிருந்தாள். கனாயே சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இன்னொரு தடவ. கையைப் பாக்காத. கையைப் பாத்தா அழுக்குக்குப் பயப்படுற பிள்ளைன்னு தெரிஞ்சுடும். அப்படியே உள்ள விடு. ம்... இப்ப சிரி. அவ்ளோ சீக்கிரம் வேண்டாம். முதல்ல ஆச்சரியம், அப்புறம் சிரிப்பு."

நெனே சேற்றில் கையை விட்டாள். ஆச்சரியப்பட்டாள். அப்புறம் சிரித்தாள். அம்மாவின் மோவாயைப் பார்த்தாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா? சேத்துல விளையாடவுமா கோச்சிங்?"

அவள் எழுந்துகூட நிற்கவில்லை. "ஒரே இடம்தான்க்கா. இன்னும் மூணு வீட்டுப் பிள்ளைங்க வருதாம். அதுங்க எல்லாம் காடுமேடா சுத்துற பிள்ளைங்க. இவ அங்க போய் 'முதல்ல நீ'ன்னு நின்னான்னா யார் சேத்துப்பா?"

"அவ எப்படி நிப்பாளோ அப்படி நிக்கட்டுமே!"

"அவ எப்படி நிப்பான்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா?" என்று சீறினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஏப்ரல்ல நானே இவளைப் பழக்க வேண்டி வரும். அது என்னால ஆகாதுக்கா."

"இப்ப என்னடி பண்ணிக்கிட்டிருக்க?"

நெனே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, நீங்களும் சேர்ந்துக்கிறீங்களா? முதல்ல நீங்க" என்று சேற்றை எனக்காக ஒதுக்கிக் கொடுத்தாள்.

சேற்றுப் பள்ளிக்கு நெனேவைக் கூட்டிப் போன நாளில் கெய்ஜி வரவில்லை, ஆபீஸ். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. பேருந்தை விட்டு இறங்கி ஏறினால் மேடு முழுக்க வழுக்கல். மேலே ஓர் ஆள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர்தான் பள்ளியை நடத்துகிறவர். எல்லோரும் அவரைக் 'கொரோ' என்றே கூப்பிட வேண்டுமாம், பிள்ளைகள் உட்பட. நாய்க்குட்டிக்கு வைக்கிற பெயர். ஐம்பது வயது மனிதரை நான் எப்படி அப்படிக் கூப்பிடுவது? "ஐயா" என்றே சமாளித்தேன்.

"ஐயான்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேனே" என்று சிரித்தார். எங்களை ஒரு மரக்கட்டையில் உட்கார வைத்துக் கையில் சூடான தேநீரைக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பிள்ளைகிட்ட பேசாதீங்க, கை காட்டாதீங்க. தேநீர் குடிங்க, போதும்" என்றார்.

மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வேறு நாட்களில் வந்துபோயிருந்தார்கள். இன்றைக்கு நெனே மட்டும். அவளை யாரும் கவனிக்கவே இல்லை. யாரும் எழுதவில்லை, யாரும் சுவரோரம் நிற்கவில்லை. சுவரே இல்லை, மூங்கில்தான். நெனே ஒரு சுற்றுப் பார்த்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் தலை அங்குமிங்கும் திரும்பியதை நான் பார்த்தேன்.

பிறகு தைரியமாக, பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் போனாள். "என்னையும் சேத்துக்கோ..."

"மாட்டேன்" என்றான் அவன், மண்வெட்டியை நிறுத்தாமலே.

"சரி. நீ முடிச்சப்புறம் எனக்குத் தா" என்று புன்னகை செய்தாள். அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. நெனே தள்ளிப் போய்ச் சேற்றில் கையை விட்டாள், கையைப் பார்க்காமல். ஆச்சரியப்பட்டாள். சிரித்தாள். எல்லாம் ஆற்றங்கரையில் பார்த்த அதே கணக்கு. வேண்டுமென்றே சறுக்கி விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். பக்கத்தில் கனாயே சிலையாக இருந்தாள், மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு.

இலைக்குப்பை குவித்திருந்த மூலையில் ஒரு சிறுமி கிளறிக்கொண்டிருந்தாள். நெனே அங்கே போனாள். வண்டுப் புழு ஒன்று வெளியே வந்தது, விரல் தடிமனில், வெள்ளையாக, சுருண்டு. நெனே குந்தினாள். வாய் திறந்துகொண்டது, மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. புழு நெளிந்த பக்கம் எல்லாம் அவள் தலையும் போயிற்று. யாரையும் பார்க்கவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. இலைக்குப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டு இன்னொன்றைத் தேட ஆரம்பித்தாள்.

கனாயே என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "அக்கா... பாரு. அக்கா, பாரேன்" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுப்புப் பக்கம் ஒரு குழந்தை விழுந்து அழுதது. அழுகிற பிள்ளையிடம் முதலில் போகிற பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் என்று என் தங்கையே எனக்குச் சொல்லியிருக்கிறாள். நெனேவின் கை இலைக்குப்பைக்குள் நின்றது. ஒரு நொடி அவள் முகத்தில் எரிச்சல் வந்தது, சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். பிறகு கையை உருவிக்கொண்டு எழுந்து ஓடினாள். "வலிக்குதா? நான் கூட இருக்கேன்" என்று முதுகைத் தடவினாள். அந்தக் குழந்தை இவளைத் தள்ளிவிட்டுப் போயிற்று. இவள் திரும்பி வந்தபோது புழுவைக் காணோம். தேடவும் இல்லை, கலைந்த இலைகளைக் கூட்டி ஒழுங்காகக் குவித்து வைத்தாள். என் மணிக்கட்டிலிருந்து கனாயேவின் கை நழுவியது.

மதியம் அடுப்பிலிருந்து சூப்பை இறக்கும் நேரம் கொரோ வந்தார். இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம், சேருவதா வேண்டாமா என்று பிள்ளையே சொல்ல வேண்டும், அப்பா அம்மா சொன்னால் செல்லாது. வந்துபோன மூன்று பிள்ளைகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருத்திக்குக் குளிர், ஒருவனுக்கு அவன் நண்பன் இல்லை, இன்னொருவனுக்குக் காரணமே இல்லை. ஆக இடம் நெனேவுக்காகக் காத்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு மூச்சு வந்தது.

கொரோ நெனே முன்னால் சேற்றிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நெனே, ஏப்ரல்லேருந்து இங்க வரணும்னு உனக்குத் தோணுதா?"

நெனே நேராக நின்றாள், கைகளைத் தொடையோடு ஒட்டி. "எது சரியான பதில்?" என்று கேட்டாள்.

"சரியும் இல்ல, தப்பும் இல்ல. வரலாம். வராமலும் இருக்கலாம். நீ சொல்றதுதான்."

அவள் யோசித்தாள். இலைக்குப்பைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அம்மா முகத்தைப் பார்த்தாள்.

கனாயே அசையவில்லை. மோவாயை அசைத்தால் முடிந்தது, இடம் கிடைத்துவிடும். அசைக்காமல் இருந்தால் நெனேவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், தப்பு. என் தங்கைக்கு அது அப்போதுதான் உறைத்தது போல. அசைத்தாலும் அவள் பதில், அசைக்காவிட்டாலும் அவள் பதில். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கட்டையில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, பிள்ளைக்கு முதுகைக் காட்டினாள்.

அடுப்பில் விறகு வெடித்தது. "சொல்லுடி கண்ணு, உனக்கு எது வேணுமோ அதைச் சொல்லு" என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பேசாதே என்றிருக்கிறார்களே, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நெனேவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது. இப்படி ஒரு முதுகை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. "அம்மா?" என்றாள். பிறகு, "அம்மா, நான் எதைத் தப்பாப் பண்ணேன்? சேத்துல கையைப் பாக்கவே இல்லையே! சிரிச்சேனே! அம்மா, திரும்பிப் பாருங்கம்மா, இன்னொரு தடவ பண்றேன்மா!"

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எந்தத் தாய் திரும்பாமல் இருப்பாள்? கனாயே திரும்பினாள். முகம் முழுக்கக் கண்ணீர். மோவாயை மெல்லக் கீழே அசைத்தாள்.

நெனேவின் அழுகை சட்டென்று நின்றது. கொரோவைப் பார்த்துக் குனிந்து வணங்கி, கணீரென்று சொன்னாள்: "ஆமா! எனக்கு இங்க வர ரொம்ப ஆசையா இருக்கு!"

கொரோ என் தங்கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டா. வழக்கப்படி அதுதான். ஏப்ரல்ல வரட்டும்" என்றார். நெனேவுக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார். அவள் பக்கத்திலிருந்த பிள்ளையிடம், "முதல்ல நீ" என்று நீட்டினாள்.

மேட்டிலிருந்து இறங்கும்போது கெய்ஜி கூப்பிட்டான். போனில் அவன் குரல் எனக்கே கேட்டது. "இடம் கிடைச்சுடுச்சா? அட! நீ பழக்கின பிள்ளை தேறாமப் போகுமா? சேத்துப் பள்ளிக்கூடமா இருந்தா என்ன, பெரிய பள்ளிக்கூடமா இருந்தா என்ன!" மனசார மகிழ்ந்து சொன்னான், பாவம்.

பேருந்து நிறுத்தத்தில் நெனே என் மேல் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாள். கனாயே கண்ணைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்து வகுப்பில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"அக்கா, இந்த வருஷமும் ஒரு பிள்ளைய பாஸ் பண்ண வச்சுட்டேன்" என்றாள்.

ஊரையே வாயால் வறுத்தெடுக்கிறவள் நான். அன்றைக்கு நெனேவின் நகத்தில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.